டியூப் முதல் ஓஎல்இடி வரை: வீட்டு டிவி கேள்வி பதில்

வீட்டு டிவி பற்றி எதையும் கேட்கலாம், பழைய டியூப் செட்டானாலும் சரி, நேற்று வாங்கிய ஸ்மார்ட் டிவியானாலும் சரி. பழுது என்றால் ஒரு வேண்டுகோள்: சுவிட்ச் போட்ட முதல் பத்து நொடியில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

கேள்வி: சார், 43 இஞ்ச் எல்இடி டிவி. சவுண்ட் நல்லா வருது, ரிமோட்டும் வேலை செய்யுது, படம் மட்டும் இல்லை. ஆன் பண்ணினா ஒரு செகண்ட் வெளிச்சம் வந்து அணைஞ்சிடுது. பேனல் போச்சா?

பதில்: நீங்கள் முதல் நொடியைக் கவனித்தது நல்லதாகப் போயிற்று. போயிருப்பது பெரும்பாலும் பேனல் அல்ல, பேக்லைட். அறையை இருட்டாக்கி, டிவியை ஓடவிட்டு, ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாக இருக்கின்றன.

எல்சிடி பேனல் தானாக ஒளிராது. அதன் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப்கள் உண்டு. அவற்றிலுள்ள பல்புகள் சீரிஸில் கோத்தவை. ஒன்று கருகினாலும் அந்த வரிசை முழுக்க அணையும். பேக்லைட்டுக்கு மின்சாரம் விடும் டிரைவர் ஐசி அதைக் கண்டதும் எல்லா வரிசையையும் நிறுத்திவிடும். நீங்கள் பார்த்த அந்த ஒரு நொடி வெளிச்சம் இதுதான்.

பின்மூடியைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 400 வோல்ட் டிசி தங்கியிருக்கலாம். அது இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அடுத்து, பேக்லைட் கனெக்டரில் மீட்டரை மாட்டி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். வோல்ட் எகிறி உடனே விழுந்தால் ஸ்ட்ரிப்பில்தான் பழுது. ஏறவே இல்லையென்றால் டிரைவரைச் சந்தேகப்படுங்கள், அல்லது மெயின் போர்டிலிருந்து வர வேண்டிய பேக்லைட் ஆன் சிக்னல் வரவில்லை. மின்சாரம் ஓடும் போர்டில் அளந்து பழக்கமில்லாதவர்கள் டார்ச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, மீதியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பலர் செட்டைக் கெடுப்பது ஸ்ட்ரிப் மாற்றும் வேலையில் அல்ல, அதற்காகப் பேனலைத் தூக்கும்போது. பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் ரிப்பன்களில் ஒன்று கிழிந்தாலும் பேனல் குப்பைதான். இரண்டு பேர், நான்கு கை, நேராக மேலே தூக்க வேண்டும். அடியில் இருக்கும், ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் ஷீட்டுகளை எடுக்கும் வரிசையையும் திசையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை பட்டால் அது பிறகு திரையில் கறையாகத் தெரியும்.

கேள்வி: கருகின அந்த ஒரு பல்பை மட்டும் ஷார்ட் பண்ணிட்டா போதாதா?

பதில்: எரியும், சில காலத்துக்கு. மற்ற பல்புகளுக்கும் அதே வயதுதானே, அடுத்தது காத்திருக்கும். மேலும் 3 வோல்ட் பல்பு, 6 வோல்ட் பல்பு என்று இரண்டு வகை உண்டு. ஒரு வரிசையின் வோல்ட் மற்றதைவிடக் குறைந்தால் சில டிரைவர்கள் அதையே பழுதாக எடுத்துக்கொண்டு மறுபடி அணைத்துவிடும். ஸ்ட்ரிப்களை செட்டாக மாற்றுங்கள். பல்பு எண்ணிக்கை, வோல்ட், லென்ஸ் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றி முடித்ததும் மெனுவில் பேக்லைட்டை 60 அல்லது 70க்கு இறக்குங்கள். விவிட் மோடில் 100 வைத்து ஓட்டுவதுதான் இந்தப் பல்புகளைத் தின்கிறது. புது செட் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

திரையில் அங்கங்கே வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று கேட்ட நண்பருக்கு: பல்பின் மேல் ஒட்டியிருந்த லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. பல்பில் குறையில்லை. ஆனால் அதை ஒட்டவும் இதே போலப் பிரிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி. மூணுக்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: முதல் இரண்டும் எல்சிடிதான். எல்சிடிக்குப் பின்னால் முன்பு மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல்கள் இருந்தன. அவற்றின் இடத்தில் எல்இடி வந்ததும் பெட்டியின் மேல் எல்இடி டிவி என்று எழுதிவிட்டார்கள். அதிலேயே குவாண்டம் டாட் என்ற நுண்துகள் அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் க்யூஎல்இடி. நிறம் தூய்மையாகும், ஆனால் கருப்பு எல்சிடி கருப்புதான். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே முழுக்க அணையும். இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு அதற்கு ஈடில்லை. வெயில் விழும் ஹாலில் பகல் முழுக்க ஓடுகிற டிவிக்கு நல்ல எல்சிடியே மேல். எல்சிடி வாங்கினால் பெயரைப் பார்க்காமல், பேக்லைட் திரை முழுக்கப் பின்னால் இருக்கிறதா, ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, பகுதி பகுதியாக மங்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: ஓஎல்இடி வாங்கியிருக்கோம் அண்ணா. ராத்திரி படுக்கும்போது மெயின் சுவிட்சை அணைச்சிடுவோம். அது நல்லதுதானே?

பதில்: இல்லை தம்பி, ஓஎல்இடியில் அதைச் செய்யாதீர்கள். பிக்சல்கள் ஒரே சீராகத் தேய்வதில்லை. சேனல் லோகோ எந்நேரமும் நிற்கும் மூலை சீக்கிரம் தேயும், அதைத்தான் பர்ன் இன் என்கிறோம். இந்தத் தேய்மானத்தை அளந்து சரிக்கட்டும் வேலையை டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் செய்கிறது. பல மாடல்களில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்து முடித்து ரிமோட்டில் அணைத்தபின் அது தானாக ஓடும். மெயினை அணைத்தால் ஒரு நாளும் ஓடாது. ஊருக்குப் போகும்போது மட்டும், ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். இடி மின்னல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே பிடுங்கிவிடலாம்.

கேள்வி: அந்தக் காலத்து ஆண்டெனா டிவியில ஒரு ஆளுக்குப் பக்கத்துல இன்னொரு நிழல் ஆள் தெரியுமே, அது ஏன்?

பதில்: ஒரே சிக்னல் இரண்டு வழியாக வந்ததால். நேராக வந்தது முதலில் சேரும். மலையிலோ பெரிய கட்டடத்திலோ மோதித் திரும்பியது பிந்திச் சேரும். படத்தை 625 கோடுகளாக வரையும் அந்தப் பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு கோட்டின் கண்ணில் தெரியும் பகுதியை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ நொடி. திரை அகலம் 40 செ.மீ., நிழல் 2 செ.மீ. வலப்பக்கம் விலகியிருந்தால், அது சுமார் 2.6 மைக்ரோ நொடி தாமதம். ரேடியோ அலை மைக்ரோ நொடிக்கு 300 மீட்டர் போகும். ஆக, அந்த நிழல் 780 மீட்டர் அதிகம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்கேலைத் திரையில் வைத்தே எந்தக் கட்டடம் வில்லன் என்று ஊகிக்கலாம். யாகி ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்பி, அந்தப் பக்கத்து வரவைக் குறைப்பதுதான் மருந்து. பொருளின் ஓரங்கள் மட்டும் தடித்துத் தெரிந்தால் குற்றவாளி கட்டடம் அல்ல, வயர். 300 ஓம் தட்டை வயரை, இரண்டையும் பொருத்திவைக்கும் பாலன் (balun) என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், 75 ஓம் சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள்.

டிஜிட்டலில் நிழல் கிடையாது. படம் சுத்தமாக இருக்கும், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். நடுவில் புள்ளி புள்ளியான படம் என்ற நிலையே இல்லை. உடைகிறது என்றதும் பூஸ்டர் மாட்டுகிறார்கள். டவர் அருகில் இருந்தால் பூஸ்டரே ரிசீவரை நிரப்பி மூச்சுமுட்ட வைக்கும். முதலில் பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய டியூப் டிவி இருக்கிறது. ஒரு மூலையில் பச்சைத் திட்டு. திறந்து பார்க்கலாமா?

பதில்: திறக்க வேண்டாம், தேவையும் இல்லை. டியூபின் உள்ளே துளைகள் போட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அருகில் ஸ்பீக்கர் மாதிரி காந்தம் இருந்தால் தகடு காந்தமேறி, எலக்ட்ரான் கற்றை தன் நிறப் புள்ளியை விட்டுப் பக்கத்து நிறத்தில் விழும். ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, டிவியை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். சுவிட்ச் போட்டதும் கேட்கும் அந்த ‘உம்ம்’ சத்தம் காந்தத்தை நீக்கும் கம்பிச்சுருள் (coil) வேலை செய்வது. அதற்கு மின்சாரம் விடும் தெர்மிஸ்டர் ஆறினால்தான் அடுத்த முறை முழு வீச்சில் ஓடும். சும்மா போட்டுப் போட்டு அணைத்தால் பலனில்லை. இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் திட்டு அப்படியே இருந்தால் தகடே நெளிந்திருக்கலாம்; அதற்கு வைத்தியம் இல்லை.

திறக்க வேண்டாம் என்பதற்குக் காரணம்: கலர் டியூபின் ஆனோடில் 20 முதல் 30 கிலோ வோல்ட். கண்ணாடி டியூபே ஒரு கெப்பாசிட்டராக நின்று, பிளக் பிடுங்கிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே வெற்றிடம், கண்ணாடியில் ஈயம். வேண்டாமென்றால் உடைத்துப் போடாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள்.

கேள்வி: பழைய கேம் பெட்டியோட துப்பாக்கி புது டிவியில சுடவே மாட்டேங்குது.

பதில்: சுடாது. அந்தத் துப்பாக்கி, டியூபில் கோடு வரையப்படும் அந்தக் கணத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் குறியைத் தீர்மானிக்கிறது. எல்சிடி படத்தை முதலில் வாங்கி வைத்து, சரிசெய்து, தாமதமாகக் காட்டுகிறது. கேம் மோட் போட்டாலும் நடக்காது.

கேள்வி: விசிஆரை புது டிவியில் இணைக்க முடியுமா? மஞ்சள், சிவப்பு, வெள்ளை சொருக இடமே இல்லை.

பதில்: டிவியின் பக்கவாட்டில் ஏவி என்று எழுதிய 3.5 மி.மீ. துளை இருக்கிறதா பாருங்கள். அதற்கு நான்கு பகுதியாகப் பிரிந்த பின் உள்ள அடாப்டர் வேண்டும். எந்தப் பகுதி எதற்கு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் கர்ர் என்று சத்தம் வந்தால் வீடியோ ஆடியோ வழியில் போகிறது. மஞ்சளைச் சிவப்பு இடத்தில், பிறகு வெள்ளை இடத்தில் மாற்றிச் சொருகிப் பாருங்கள். எல்லாம் ஒரு வோல்ட் அளவு சிக்னல்தான், ஒன்றும் கெடாது. சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் சேர்த்து. அதில் கருப்பு வெள்ளையாகப் படம் வந்தால் சோர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்டிலிருந்து ஏவிக்கு மாற்றுங்கள்.

எந்தத் துளையும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ கன்வர்ட்டர். அதற்கு 5 வோல்ட் பவர் தனியாகக் கொடுக்க வேண்டும். படம் வந்ததும் திரை விகிதத்தை 4:3 ஆக்குங்கள். எல்லோரையும் குண்டாக்கிப் பார்ப்பதில் என்ன லாபம்?

கேள்வி: 55 இஞ்ச் 4கே எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும்?

பதில்: இஞ்ச் அளவை நான்கால் பெருக்குங்கள், வருவது செ.மீ. அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் 4கேக்கும் முழு எச்டிக்கும் வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. 55க்கு 220 செ.மீ., 43க்கு 172. இரண்டால் பெருக்கினால் 4கேயின் முழுப் பலனும் கிடைக்கும் தூரம், ஆனால் அவ்வளவு கிட்டத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? மூன்று மீட்டர் தள்ளி சோபா போட்டிருப்பவர்கள் பிக்சல் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பேக்லைட்டுக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: புது டிவியில சினிமா பார்த்தா சீரியல் மாதிரி இருக்கு. கண்ணுக்கு ஒட்டலை.

பதில்: சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. படம் மெனுவில் மோஷன் என்று தொடங்கும் எதையும் அணையுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் போடுங்கள். விளையாட்டுக்கு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: திரையில் மேலிருந்து கீழ் வரை ஒரு மெல்லிய கோடு. செட்டாப் பாக்ஸா, டிவியா?

பதில்: டிவியின் மெனுவைத் திறங்கள். கோடு மெனுவின் மேலும் ஓடினால் டிவி. மெனு சுத்தமாக இருந்தால் பாக்ஸோ கேபிளோ. மெல்லிய ஒற்றைக் கோடு பெரும்பாலும் பேனல் விளிம்பு ரிப்பனின் ஒட்டு விட்டதால் வருவது. சட்டத்தை அழுத்தினால் மறைகிறது என்று அட்டை சொருகும் வைத்தியம் நிலைக்காது. பாதித் திரையே போயிருந்தால் மட்டும், பேனலுக்கும் அதை இயக்கும் டி-கான் போர்டுக்கும் இடையிலான ரிப்பனைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: ரிமோட் கெட்டதா, டிவி கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போன் கேமராவை ரிமோட் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா வெளிச்சம் மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பின்பக்க கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்க கேமராவில் பாருங்கள், சிலதில் இன்ஃப்ராரெட் வடிகட்டி பலமாக இருக்கும். 1956ல் ஜெனித் விற்ற ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும், அந்த அல்ட்ராசவுண்டை டிவி கேட்டுச் சேனல் மாற்றும். சாவிக்கொத்து குலுங்கினாலும் சேனல் மாறியதுதான் வேடிக்கை.

கேள்வி: ஸ்மார்ட் டிவி வாங்கி சில வருஷம்தான் ஆச்சு. ஆப் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகுது, சில ஆப் வரவே இல்லை. புதுசு வாங்கணுமா?

பதில்: வேண்டாம். படம் நன்றாகத் தெரிகிறது என்றால் உங்கள் டிவியில் கிழடானது சாப்ட்வேர் மட்டும்தான். டியூப் செட்டில் டியூப் மங்கும்வரை ஓட்டினோம். இப்போது பேனல் நன்றாக இருக்கும்போதே ஆப்காரர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். முதலில் பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள், மெமரி நிரம்பியிருப்பதே பாதிக் காரணம். பிறகு பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது பல மாடல்களில் தூங்க வைப்பதுதான், ரீஸ்டார்ட் அல்ல.

அதற்கும் மசியாவிட்டால் எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகுங்கள். அதற்குப் பவரை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்தத் துளை 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் லோகோ வரை வந்து மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும், ஸ்டிக்கே மோசம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். கூடவே வரும் அடாப்டரைப் போடுங்கள். ஸ்டிக் வந்த பிறகு டிவியின் வைஃபையை அணைத்துவிடலாம், அப்டேட் வந்து இன்னும் மெதுவாகும் தொல்லையும் இருக்காது.