கடைசலும் வேதியியலும்: அம்பாசமுத்திரத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி,

வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்ற தம்பி மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று நிற்பதைக் குறித்துக் கவலைப்பட்டு, லேத் பட்டறையில் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் துறை ஒன்று உண்டு; மின்வேதி முறையில் கடின உலோகங்களுக்கு வடிவம் கொடுக்கும் அதனைத் தொழில் வழக்கில் இசிஎம் (எலக்ட்ரோகெமிக்கல் மெஷினிங்) என்பார்கள்.

முலாம் பூசுவதன் மறுதலை என்று இதனைக் கொள்ளலாம். வடிவம் பெற வேண்டிய உலோகத் துண்டான ஜாப்பை நேர்மின்முனையாகவும், வடிவம் கொடுக்கும் கருவியான டூலை எதிர்மின்முனையாகவும் இணைத்து, இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு, அதனூடே உப்புக் கரைசலை அதிவேகமாகப் பாய்ச்சி, 5 முதல் 30 வோல்ட் அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால், டூலின் வடிவத்துக்கு ஏற்ப உலோகம் கரைந்து விலகுகிறது. டூல் ஜாப்பைத் தொடுவதில்லை. ஆகவே தேய்வதும் இல்லை. உலோகம் எத்தனை கடினமானது என்பது இங்கே பொருட்டில்லை. அணு எடையும் இணைதிறனும்தான் கணக்கு. செலுத்தும் மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்லும், தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஃபாரடே விதிகள் இவையே.

1830களில் வந்த அந்த விதிகளைக் கொண்டு ரஷ்யாவின் குசெவ் 1929இல் இம்முறையை முன்வைத்தார். 1959இல் அமெரிக்காவின் அனோகட் நிறுவனம் வணிகமாக்கியது. ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடுகளுக்கான நிக்கல் கலவைகள் வெட்டுளிகளை விரைவில் மழுங்கடித்ததால், இம்முறை அங்கே பெரிதும் வேண்டப்பட்டது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எந்திரத்தின் விலை அதிகம், டூலை வடிவமைப்பது கடினம், உப்பு எந்திரத்தையே அரிக்கும். கரைந்த உலோகம் சேறாகத் தங்குகிறது. குரோமியம் கலந்த அந்தக் கழிவை முறையாகச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடுவது, தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கும் நமக்கு மன்னிக்க முடியாத குற்றம். இதில் வேலைகளும் எண்ணிக்கையில் குறைவு என்பதால், இதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம்.

ஆதலால் முதலில் மெக்கானிக்கல் படிக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் செல்லலாம். வேதியியலே மேலோங்கினால், 1953 முதல் இயங்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பி.டெக். படிப்பைப் பற்றி விசாரியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். 1000 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒரு நிமிடத்தில் எத்தனை கிராம் இரும்பு கரையும் என்று தம்பியைக் கணக்கிடச் சொல்லுங்கள். இணைதிறன் இரண்டு என்று கொண்டால் 17 கிராமுக்குச் சற்று மேல் வர வேண்டும். விடையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறாரா, அந்த எந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாரா என்பதை எனக்கு எழுதுங்கள்.