கேளுங்கள், சொல்கிறேன்: இடிகிற கட்டடத்துக்குக் கீழே யார்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விஞ்ஞானப் படங்களும் சூப்பர் ஹீரோ படங்களும் பற்றியவை. எனக்கு மிகவும் பிடித்த விசயம் என்பதால் இந்த முறை அவற்றுக்கே இடம்.

கேள்வி: கலியாணம் கட்டி, பிள்ளை குட்டி உள்ளவர்களும் சூப்பர் ஹீரோ படம் என்று அலைகிறார்கள். பறக்கிறான், அடிக்கிறான், கட்டடம் விழுகிறது. இதில் என்ன இருக்கிறது? (வாசகர், மாங்குளம்)

பதில்: சூப்பர்மேன் கதையை எடுங்கள். ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கி 1938இல் வெளிவந்தது, இரண்டு பேருமே அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பிறந்த உலகம் அழியப்போகிறது என்று தெரிந்து தாயும் தகப்பனும் கைக்குழந்தையைத் தனியாக ஏற்றி அனுப்புகிறார்கள், அது யாரோ ஒருவரின் வயலில் போய் விழுந்து அந்த ஊர்ப் பிள்ளையாக வளர்கிறது. பிள்ளைகளை எங்கெங்கோ அனுப்பிவிட்டு இருக்கிற எங்கள் ஊர்களில் நின்றுகொண்டு இதைச் சின்னப்பிள்ளைக் கதை என்று தள்ள எனக்கு மனம் வராது.

ஆனால் கட்டடம் விழுகிறது என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. 2013இல் வந்த சூப்பர்மேன் படத்தில் கடைசிச் சண்டையில் ஒரு நகரத்தின் நடுப்பகுதியே தரைமட்டமாகிறது, அதற்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் நின்று பார்க்கவே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வந்த அடுத்த படம் தொடக்கத்திலேயே அதே சண்டையை நிலத்தில் இருந்து காட்டுகிறது. புரூஸ் வெய்ன், அதுதான் பேட்மேன், புழுதிக்குள் ஓடுகிறான், இரும்புத் தூணுக்குக் கீழே கால் நசிந்து கிடக்கிற ஒருவனைக் காண்கிறான், தனியாக நிற்கிற ஒரு சிறுமியைத் தூக்குகிறான். மிச்சப் படம் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, அந்த முதல் சில நிமிடங்களுக்காக மட்டும் அதை மன்னித்துவிடுவேன். மேலே பறக்கிறவனை எந்தப் படமும் காட்டும், கீழே நிற்கிற சனத்தைக் காட்டுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

கேள்வி: அப்படியென்றால் வன்னியில் இருக்கிற நாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விஞ்ஞானப் படம் எது? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: இரண்டு சொல்வேன். ஒன்று 'டிஸ்ட்ரிக்ட் 9', நீல் ப்ளொம்காம்ப் எடுத்தது. யொகானஸ்பேர்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கப்பல் வந்து நிற்கிறது, அதில் வந்தவர்களை முகாமில் போட்டு அடைக்கிறார்கள், இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்துவிட்டு இன்னொரு முகாமுக்கு மாற்றப் பார்க்கிறார்கள். அதிகாரி ஒருவன் கொட்டில் கொட்டிலாகப் போய் வெளியேறச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்கிறான். ஒருவன் எழுந்த கோபத்தில் பலகையைத் தட்டிவிட, தாளில் விழுந்த அந்தக் கீறலையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டு அதிகாரி அடுத்த கொட்டிலுக்குப் போகிறான். இந்தப் படம் வெளிவந்தது 2009 ஆகஸ்ட். அந்த ஆகஸ்டில் எங்கள் சனம் செட்டிகுளம் முகாம்களில் கம்பிக்குள்ளே இருந்தது. தென்னாபிரிக்கக்காரர் தங்கள் நாட்டில் கறுப்பின மக்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பிய வரலாற்றை நினைத்து எடுத்த படம், எங்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாமல் விளங்குகிறது. ஒரு பெரிய குறையையும் சொல்லத்தான் வேண்டும்: நைஜீரியர்களை அந்தப் படம் காட்டிய விதம் மோசம், நைஜீரிய அரசே அதைக் கண்டித்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பேசுகிற படம் இன்னொரு சனத்தை அப்படி இழிவாக்கியிருக்கக் கூடாது.

மற்றது 2023இல் வந்த ஜப்பான் படம், 'கொட்ஸில்லா மைனஸ் வன்', தகாஷி யமசாகி இயக்கியது. பூதத்தைப் பார்க்கத்தான் போவீர்கள், ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊருக்கு வருகிறவனுக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. உயிரோடு வந்ததற்காகப் பக்கத்து வீட்டுப் பெண் அவனை ஏசுகிறாள். யாரோ பெற்ற குழந்தையோடு வந்த ஒரு பெண்ணும் அவனும் தகரமும் பலகையுமாக ஒரு கொட்டில் போட்டு இருக்கிறார்கள். அவனுக்குக் கிடைக்கிற வேலை என்ன தெரியுமா, கடலில் மிதக்கிற கண்ணிவெடிகளை அகற்றுகிறது. காந்தத்தால் வெடிக்கிறவை என்பதால் இரும்புக் கப்பல் கிட்டப் போக முடியாது, மரப்படகில்தான் போக வேண்டும். சம்பளம் நல்லது என்று அவன் சொல்ல, வேண்டாம் என்று அவள் மறிக்கிறாள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இதே பேச்சு நடந்திருக்கும்! மிதிவெடி அகற்றுகிற வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த பெண்கள் இங்கே எத்தனை பேர். அந்தப் படத்தை அவர்கள் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. ஹொலிவூட் செலவழிக்கிற காசோடு பார்த்தால் மிகக் குறைந்த செலவில், சின்னக் குழுவை வைத்து எடுத்தது, 2024இல் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதையும் வாங்கியது.

கேள்வி: 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு வருடம் என்கிறார்கள். உண்மையா, புளுகா? (உயர்தர மாணவன், கிளிநொச்சி)

பதில்: கணக்குப்படி முடியும். ஈர்ப்பு கூடின இடத்தில் நேரம் மெதுவாகப் போகும், இது ஐன்ஸ்டைன் சொன்னது. ஆனால் ஏழு வருட வித்தியாசம் வர வேண்டுமென்றால் அந்தக் கிரகம் சுற்றுகிற கருந்துளை, அதாவது ஒளியைக்கூட வெளியே விடாத அளவு ஈர்ப்பு உள்ளது, மிக மிக வேகமாகச் சுழல வேண்டும், கிரகம் அதன் விளிம்புக்குக் கிட்ட இருக்க வேண்டும். படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன் முதலில் சாத்தியமில்லை என்றுதான் நினைத்தார், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார். 2017இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இதே விளைவு சின்ன அளவில் உங்கள் போனிலும் இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகளில் உள்ள கடிகாரங்கள் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும், அதைத் திருத்தாமல் விட்டால் நாளுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர் பிழைத்துவிடும், கிளிநொச்சியில் நிற்கிற உங்களைப் பரந்தனுக்கு அப்பால் காட்டும். சரி, கணக்கை விடுங்கள். தகப்பன் திரும்பி வந்து, 23 வருடமாக வந்து சேர்ந்த பிள்ளைகளின் காணொளிகளை ஒரேயடியாக இருந்து பார்த்து அழுகிற காட்சிக்காகத்தான் நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

கேள்வி: தமிழில் முதல் விஞ்ஞானப் படம் 'எந்திரன்' தானே? (வாசகர், மல்லாவி)

பதில்: இல்லை. 1963லேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. இசை இல்லாத ஒரு கிரகத்துக்காரன் இங்கே வந்து பானுமதியைக் கடத்திக்கொண்டு போவான், எம்.ஜி.ஆர். தேடிப் போவார். 'எந்திரன்' 2010.

கேள்வி: '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எழுதியவர் எங்கள் நாட்டில் இருந்தவராமே? (ஆசிரியை, முள்ளியவளை)

பதில்: ஓம், ஆர்தர் சி. கிளார்க். 1956இல் வந்தவர், 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேதான் வாழ்ந்தார். திருகோணமலைக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்து எழுதியவரும் அவரே. பள்ளிக்கூடத்தில் விண்வெளிப் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள் ரீச்சர், விண்வெளியைப் பற்றி உலகத்துக்கே எழுதிக் காட்டியவர் எங்கள் கடலில் இறங்கியவர் என்று தெரிந்தால் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள்.

கேள்வி: மார்வெலா, டிசியா? (தரம் 9 மாணவி, நெடுங்கேணி)

பதில்: இரண்டுமே சூப்பர் ஹீரோ கதைகளை வெளியிடுகிற அமெரிக்க நிறுவனங்கள்; மார்வெலில் 'பிளாக் பாந்தர்', டிசியில் 'த டார்க் நைட்'. இரண்டையும் பார்த்துவிட்டு உங்களுக்கு எது பிடித்தது, ஏன் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.