மார்கழில தெரு நாய்க்கு குளிருமா, வாசல்ல என்ன வைக்கலாம்?

நம்ம சென்னைல டிசம்பர், ஜனவரி விடியக்காலைல 20 டிகிரி பக்கம் தான் இறங்கும், நல்லா வளர்ந்த நாட்டு நாய் அதைத் தாங்கிடும், பிரச்சனை குளிர விட ஈரம் தாங்க. மழைல நனைஞ்சு சிமெண்ட் தரைல படுத்தா உடம்பு சூடு சட்டுனு இறங்கிடும், அதுலயும் குட்டிங்க, வயசான நாய், சொறி வந்து முடி கொட்டினது இதுங்க ரொம்ப பாவம்.

கம்பளிலாம் போடாதீங்க, நனைஞ்சா காயவே காயாது. ரெண்டு செங்கல் மேல பலகை, அதுல காஞ்ச சாக்கு, முடிஞ்சா உள்ள வைக்கோல், மேல தார்ப்பாய், அவ்ளோதான். எங்க வாசல்ல இருக்கறது சாக்க காலால பறிச்சு மூணு சுத்து சுத்திட்டு தான் படுக்கும், மகாராணி!

காலைல கார் எடுக்கும்போது அடில குனிஞ்சு பாருங்க, சூட்டுக்கு குட்டி படுத்திருக்கும்.