கல்லைக் கொடுத்தவன் திரும்பி வந்தான்

கேள்வி: வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை டோல்கீனின் 'த ஹொபிட்' நாவலை வாசித்துக் காட்டுகிறோம். கூட வந்த குள்ளர்களின் பரம்பரைக் கல்லைக் கதாநாயகன் பில்போ எதிராளியிடம் கொடுப்பது துரோகம் அல்லவா? டிராகன் செத்ததோடு கதையை முடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், துணுக்காய்

பதில்: முடிக்கக் கூடாது. மொத்தம் 19 அத்தியாயங்கள். டிராகன் சாவது 14இல். அங்கே நிறுத்தினால் பேராசையும் அதோடு செத்துப்போனது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். குள்ளர்களின் தலைவன் தோரினிடம் அது தலைவிரித்து ஆடுவதே அதற்குப் பிறகுதான்.

ஏரிப்பட்டணம் எரிந்து, சனம் குளிர்கால வாசலில் வீடின்றி நிற்கிறது. டிராகனை வீழ்த்திய பார்ட் அவர்களுக்காக டிராகனின் புதையலில் பங்கு கேட்கிறான். தோரின் மதில் எழுப்பிக்கொண்டு மறுக்கிறான். தறப்பாளுக்குக் கீழே மாரி கழித்த சனத்தின் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம், மெதுவாக வாசித்தால் போதும்.

பில்போவிடம் பிழை இல்லை என்று சொல்லவரவில்லை. பிழை நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. 13ஆம் அத்தியாயத்தில், இருட்டில் அந்தக் கல்லைக் கண்டதும் ஒருவருக்கும் சொல்லாமல் பைக்குள் போடுகிறானே, அங்கே இருக்கிறது. புதையலில் பதினான்கில் ஒரு பங்கு அவனுக்கு உண்டு, விரும்பியதைத் தெரிந்தெடுக்கலாம் என்று தோரினும் சொல்லியிருந்தான். ஆனாலும் இந்தக் கல் அந்தப் பேச்சுக்குள் அடங்காது என்று பில்போவின் மனமே உறுத்துகிறது.

16இல் இரவோடிரவாகக் கயிற்றில் இறங்கிப்போய், தோரினோடு பேரம் பேச உதவட்டும் என்று கல்லைப் பார்டிடம் கொடுக்கிறான். இங்கேயே தங்கிவிடு என்கிறான் பார்டோடு இருக்கும் எல்ஃப் அரசன். தங்கவில்லை. மறுபடி கயிற்றில் ஏறி, கோபிக்கப்போகிறவர்களிடமே வருகிறான். கல் வெளிப்பட்டதும், "நான்தான் கொடுத்தேன்" என்று தானே வாய் திறக்கிறான். தோரின் அவனைத் தூக்கி மதிலுக்கு வெளியே எறியப் பார்க்கிறான். காட்டிக்கொடுப்பவன் இப்படி வந்து நிற்பானா? துரோகி என்ற சொல்லை வாயில் எடுக்குமுன் பத்துத் தரம் யோசிக்கவேண்டியவர்கள் வன்னியில் இருக்கும் நாங்கள்.

16ஐத் தனி மாலையாக வையுங்கள். அவன் கயிற்றில் இறங்கும் இடத்தில் நிறுத்தி, "இவன் திரும்பி வருவானா?" என்று கேளுங்கள். உங்கள் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். 17ஐயும் 18ஐயும் ஒரே மாலையில் வாசியுங்கள். பிரித்தால், ஒரு வாரம் முழுக்கத் தோரின் அவர்கள் மனதில் வெறும் கோபக்காரனாகவே நிற்பான். சாகும் தறுவாயில் அவன் பில்போவிடம் தன் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வது 18இல்தான். அதே அத்தியாயத்தில், பெரும் செல்வத்தை நீட்டியும் பில்போ எடுத்துக்கொள்வது இரண்டு சிறு பெட்டிகள்: ஒன்றில் வெள்ளி, மற்றதில் பொன். ஒரு மட்டக்குதிரை சுமக்கிற அளவு.