முருங்கை இலைத் தூளும் நொதியும் சேர்த்தால் முட்டைக்கோழித் தீவனத்தில் சோயாவை நிறுத்திவிடலாமா?

நிறுத்த முடியாது, சிறிது குறைக்கலாம், அதுவும் நொதியின் தயவால் அன்று. நீங்கள் கூண்டுக்கோழி வைத்து, தீவனத்தைச் சொந்தமாக அரைப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். சோயா விலை ஏறும்போதெல்லாம் எங்கள் நாமக்கல் பக்கம் இந்த யோசனை கிளம்பிவிடும்.

உலர்ந்த முருங்கை இலையில் புரதம் 25 சதவீதத்தை ஒட்டியும், சோயா புண்ணாக்கில் 45 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். நாளொன்றுக்கு 110 கிராம் அளவே தின்னும் கோழிக்கு, நார் மிகுந்து எரிசக்தி குறைந்த இலையை அள்ளிப் போட்டால் முட்டையின் எடை இறங்கும். நொதி விற்க வந்த ஒருவர், நார் முழுவதையும் நொதி கரைத்துவிடும், இலையைத் தாராளமாகப் போடலாம் என்று எங்கள் பண்ணையில் உட்கார்ந்து சாதித்தார். கோழி ஆடு அல்ல என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நொதிகளில் ஒன்றான சைலனேஸ், கோதுமை மிகுந்த தீவனத்தால் குடலில் உண்டாகும் பிசுபிசுப்பைக் குறைத்து நல்ல பலன் தருவது. மக்காச்சோளமும் சோயாவும் உள்ள நம் தீவனத்தில் அந்தத் தொல்லையே குறைவு என்பதால் பலனும் அளவோடுதான் இருக்கும். பைட்டேஸ் என்னும் இன்னொரு நொதி அப்படியல்ல. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கோழியால் செரிக்க முடியாத பைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை இது விடுவிப்பதால், பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) உப்பைக் குறைக்கலாம். டிசிபியைக் குறைக்காமல் பைட்டேஸையும் போடுபவர் ஒரே சத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்.

நான் இலையை நிழலில் உலர்த்தி, காம்பை நீக்கி அரைத்து, நூறு கிலோ தீவனத்துக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை சேர்க்கிறேன். சூபாபுல் என்னும் தீவன மரத்தின் இலையில் மைமோசின் என்னும் நச்சு இருப்பதால் அதைத் தொடுவதில்லை. தூள் மாவாகிவிட்டால் கோழி மக்காச்சோள நொய்யைப் பொறுக்கிக்கொண்டு பச்சைத் தூளைத் தொட்டியின் அடியிலேயே விட்டுவிடும்; சிறிது எண்ணெய் தெளித்துக் கலந்தால் ஒட்டிக்கொள்ளும். நொதியின் அளவு மிகச் சிறியது என்பதால் முதலில் சில கிலோ தவிட்டில் கையால் கலந்து, பிறகே மிக்சரில் இட வேண்டும்.

இலையை நான் சொன்னதைவிட அதிகம் போட்டும் முட்டை குறையவில்லை என்று வாதிட வருவோர் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களாக இருந்தால், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. மேய்ந்து தின்னும் கோழியின் கணக்கு வேறு. இலையால் மஞ்சள் கரு நன்றாக நிறமேறும் என்பது உண்மை. மக்காச்சோளத்தைக் குறைத்து அரிசிக் குருணை போடும் காலத்தில் அது கண்கூடாகத் தெரியும். ஆனால் முட்டை எடுக்க வரும் வியாபாரி ஒரு முட்டையையாவது உடைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. எடைக்குத்தான் விலை, நிறத்துக்கு ஒரு பைசாவும் கூடுதலாகக் கிடைக்காது.

பறிக்கும் பருவத்தைப் பொறுத்து இலையின் புரதம் மாறும். ஆகவே, அரைத்த தூளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்துப் புரதத்தையும் நாரையும் பார்த்த பிறகே சோயாவில் கை வையுங்கள்.