ஆண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயராக வைக்க ஆசை. எப்படித் தேடுவது?

முதலில், அவசரமே இல்லை. நம் நாட்டில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம்.

இணையத்தில் வரும் பெயர்ப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. பல பெயர்களுக்குப் போட்டிருக்கும் அர்த்தம் இட்டுக்கட்டியது. எல்லாரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் வித்தியாசமும் மிஞ்சாது.

சங்க இலக்கியத்தைப் புரட்டுங்கள். கடையெழு வள்ளல்களில் பாரி ஓரளவு பரவிவிட்டது. கொல்லிமலையை ஆண்ட ஓரி இன்னும் அபூர்வம். சின்னப் பெயர், கம்பீரமும் இருக்கிறது. காரி வேண்டாம், பள்ளியில் பையன்கள் துப்பியே காட்டுவார்கள்! சோழர் பெயரான கிள்ளிக்கும் இதே கதிதான். பாண்டியர் பெயரான வழுதி எனக்குப் பிடிக்கும். ஆனால் ழகரம் வரும் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வெளியூரில் எப்படி வாசிப்பார்களோ, சொல்ல முடியாது. பிள்ளை ஆயுசுக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நட்சத்திர எழுத்து பார்ப்பீர்களா? அதிலும் வழி உண்டு. அசுவினிக்கு 'சே' வரும். சேந்தன் என்று பழைய பாண்டிய மன்னன் ஒருவன் இருந்திருக்கிறான்.

சரி, பிடித்த பெயர் கிடைத்துவிட்டதா? ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். அபூர்வப் பெயரில்தான் எழுத்துப் பிழை அதிகம் விழும். அப்புறம், இனிஷியலோடு சேர்த்தும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.