மயக்க டாக்டரின் பயோடேட்டா: கேட்டதும் சொன்னதும்

தஞ்சாவூரைச் சுற்றி இருபத்தைந்து வருடமாக மயக்கம் கொடுத்துவருகிறேன். இப்போது புதிதாக வேலை கேட்டு வருபவர்களின் சி.வி.யைப் புரட்டும் வேலையும் சேர்ந்திருக்கிறது. கேளுங்கள்.

திருவாரூர், எம்.டி. கடைசி வருடம்: சார், அனுபவமே இல்லையே, எதை எழுதுவது?

டெல்டாவில் மூன்று வருடம் அரசு மருத்துவமனையில் கிடந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் ஏற்றி, நெஞ்சுச் சளி அடங்குகிறதா என்று ராத்திரி முழுக்க ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கட்டுவிரியன் கடித்து, இமை தொங்கி, மூச்சு நிற்கப்போகும் நேரத்தில் ட்யூப் போட்டிருப்பீர்கள். இதையெல்லாம் ‘ஐ.சி.யூ. அனுபவம்’ என்று ஒற்றை வரியில் புதைத்துவிடுகிறீர்கள். எத்தனை படுக்கை, எத்தனை மாத போஸ்டிங், சென்ட்ரல் லைன் (பெரிய சிரையில் போடும் குழாய்), ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் போடும் குழாய்) எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். அதற்கும் மேலே, முதல் அரைப் பக்கத்தில் பட்டமும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்கட்டும். எம்.பி.பி.எஸ். பதிவெண் மட்டும் போதாது, எம்.டி.யைக் கூடுதல் தகுதியாகப் பதிந்த விவரமும் வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் எனக்கு எதற்கு?

செய்ததை ‘தனியாக’, ‘சீனியர் பக்கத்தில் இருக்க’, ‘பார்த்தது மட்டும்’ என்று மூன்றாகப் பிரியுங்கள். ஃபைபர் ஆப்டிக் இன்டுபேஷன் (கேமராக் குழாய் வழியே பார்த்து மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது) தெரியும் என்று எழுதியிருந்த ஒருவரிடம், நினைவோடு இருக்கும் நோயாளிக்குத் தொண்டையை எப்படி மரக்கவைப்பீர்கள் என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தார்.

கும்பகோணம்: போட்டோ ஒட்டணுமா?

இங்கே ஒட்டினால் தப்பில்லை. இங்கிலாந்துக்கு என்றால் போட்டோ, பிறந்த தேதி, கல்யாண விவரம் எதுவும் வேண்டாம். ஆடிட் (சிகிச்சைத் தரத்தை அளந்து பார்க்கும் ஆய்வு) செய்திருந்தால் அதை விரிவாக எழுதுங்கள், அங்கே அதைத்தான் தேடுவார்கள்.

நாகப்பட்டினம்: அரசு வேலைக்கு சி.வி. எப்படி?

எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு சி.வி. கிடையாது. அறிவிக்கையைப் படித்து இணையத்தில் விண்ணப்பியுங்கள்.

மயிலாடுதுறை: எம்.டி. முடித்து மூன்று வருடம் ஃப்ரீலான்ஸ், ஏழு நர்சிங் ஹோம். ‘10,000 ஸ்பைனல்’ (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பது) என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஏழு நர்சிங் ஹோமையும் வரிசையாக எழுத வேண்டாம், ‘ஃப்ரீலான்ஸ்’ என்று ஒரே தலைப்பு போதும். ஆனால் பத்தாயிரமா? ஞாயிறு, தீபாவளி பார்க்காமல் நாளைக்கு ஒன்பது வருகிறது!

மன்னார்குடி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் சார். நல்ல நாள் என்றால் விடியற்காலையிலிருந்து நானே ஏழு சிசேரியன் பார்க்கிறேன். ஒன்பது என்ன அதிசயம்?

அந்த ஏழு சிசேரியனை நம்புகிறேன். ஆனால் நல்ல நாள் தினமுமா வருகிறது? அஷ்டமி நவமியில் உங்கள் ஊரில் யார் தேதி குறிக்கிறார்கள்?

மன்னார்குடி: எமர்ஜென்சிக்கு அஷ்டமி தெரியுமா சார்? அதோடு, பெரிய நம்பர் போடாவிட்டால் யாரும் கூப்பிடுவதே இல்லை.

எமர்ஜென்சி நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்பரைப் பார்த்துக் கூப்பிடுபவர் கேஸ்களை எழுதிவைத்த நோட்டைக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? பெரிய நம்பரைப் பார்த்தால் எனக்கு வரும் முதல் சந்தேகம், இவர் ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேஷன் டேபிளில் கேஸ் ஓட்டினாரோ என்பது. அப்படிப்பட்டவர் எனக்கு வேண்டாம்.

பட்டுக்கோட்டை: குழந்தைக்காக இரண்டு வருடம் இடைவெளி. மறைக்கலாமா?

வேண்டாம் அம்மா. மாதம், வருடம் போட்டு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி) சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், முதலில் அதைப் புதுப்பியுங்கள். வளைகுடா பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் உங்கள் தேதியையும் அனுபவச் சான்றிதழில் உள்ள தேதியையும் ஒப்பிடுவார்கள்.

ஒரத்தநாடு: சார், போட்டோ…

கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேதாரண்யம்: நெர்வ் பிளாக் (நரம்பருகே ஊசி போட்டு அந்தப் பகுதியை மட்டும் மரக்கவைப்பது) பயிலரங்குக்கு ஒரு நாள் போனேன். ‘தேர்ச்சி’ என்று போடலாமா?

‘கலந்துகொண்டேன்’ என்று போடுங்கள். எத்தனை தடவை சொல்வது?

மயிலாடுதுறை: சார், நோட்டைத் தேடி எடுத்து எண்ணிவிட்டேன். 2,310 தான் இருக்கிறது.

அதையே போடுங்கள். நோட்டையும் நேர்காணலுக்கு எடுத்து வாருங்கள்.